தாசில்தார் ஓடிப்போன அன்று

மாமனார் வீட்டில் தன் உத்தியோகத்தை விளக்கிச் சொல்வது போலக் கஷ்டமான காரியம் ஒரு மாப்பிள்ளைக்கு வேறு இல்லை. வாத்தியார், போலீஸ், பேங்க் என்றால் ஒரு சொல்லில் முடிந்துவிடும். நான் ஓசூரில் ஒரு சின்னக் கம்பெனியில், கையில் பிடித்துக்கொண்டு திசை கண்டுபிடிக்கும் ரேடியோ ரிசீவர்களைப் பழுது பார்க்கிறேன். இந்த வாக்கியத்தை நான் முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டுவிடுவார். பெண் பார்க்கப் போன அன்று என் மாமனார் மட்டும் பொறுமையாக முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "ஓ... ரேடியோ ரிப்பேருங்களா" என்றார்.

கல்யாணம் முடிந்து முதல் விருந்துக்குப் போனபோது, பரணில் கிடந்த ரேடியோப் பெட்டி ஒன்று துடைக்கப்பட்டு எனக்காகக் காத்திருந்தது. திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு பல்லி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. மரியாதையாக மூடி வைத்துவிட்டேன். "மாப்பிள்ளைக்கு ரிப்பேர் வராது போல" என்று உள்ளறையில் யாரோ சொன்னது நன்றாகக் கேட்டது. (மெதுவாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்கள். அந்த வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது.) என்றைக்காவது இவர்கள் முன்னால் என் தொழிலின் மகிமையைக் காட்டாமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். அந்த முடிவுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

என் தொழில் இதுதான். காட்டு விலங்குகளை ஆராய்ச்சி செய்கிறவர்கள் நரிக்கோ கழுகுக்கோ சின்ன டேக் ஒன்றைக் கட்டி விடுவார்கள். அது விட்டு விட்டு 'பிப்... பிப்...' என்று ரேடியோ அலையை அனுப்பிக்கொண்டே இருக்கும். இவர்கள் ஒரு கையில் ரிசீவரும் மறு கையில் பழைய டிவி ஆன்டெனாவின் குட்டி மாதிரி ஒன்றும் வைத்துக்கொண்டு சுற்றுவார்கள். எந்தப் பக்கம் திருப்பினால் சத்தம் கூடுகிறதோ அந்தப் பக்கம் விலங்கு இருக்கிறது. அந்த ரிசீவர் சேற்றில் விழுந்தாலோ, ஒயர் அறுந்தாலோ, குரங்கு கடித்தாலோ எங்கள் மேஜைக்கு வரும்.

டேக்குக்குச் சுவிட்ச் கிடையாது. ஒரு சின்னக் காந்தத்தை மேலே ஒட்டி வைத்தால் தூங்கும், காந்தத்தை எடுத்தால் விழித்துக்கொள்ளும். பரிசோதனைக்காக எங்களிடம் எப்போதும் சில டேக்குகள் இருக்கும். அதில் ஒன்று விழித்துக்கொண்டு பக்கத்திலேயே கிடந்தால், ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ரிசீவர் ஒரே மாதிரி அலறும். அதைப் பார்த்து ரிசீவரே கெட்டுப்போய்விட்டது என்று பிரித்துப் போடும் மடையர்கள் உண்டு. அதனால் எங்கள் முதலாளி, அவர் பெங்களூர்க்காரர், எந்தப் புகார் வந்தாலும் முதலில் கன்னடத்தில் ஒரே கேள்விதான் கேட்பார். "டேக் எல்லிதே?" டேக் எங்கே இருக்கிறது என்று அர்த்தம். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துவது நான்தான். (இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

என் மாமனார் ஊர் கல்லாவிக்கும் சாமல்பட்டிக்கும் நடுவில் இருக்கிறது. மாமாவுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் சதீஷ், என் வயதுதான், எனக்கு மச்சான். இளையவள் கவிதா, என் மனைவி. இவர்கள் இரண்டு பேருக்கும் மேலே அந்த வீட்டில் இன்னொரு பிள்ளை உண்டு. அதன் பெயர் தாசில்தார். செவலை நிறத்தில், திமில் வைத்த எருது. அது வருகிறது என்றால் எல்லாரும் ஒதுங்கி நிற்க வேண்டும், அதற்கே தோன்றினால்தான் நகரும், அதனால் அந்தப் பெயர்.

தாசில்தாரோடு என் முதல் அறிமுகம் காதால் நடந்தது. கல்யாணமான மறுநாள் காலை மாமனார் வீட்டில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். கொல்லைப்புறத்திலிருந்து இடி மாதிரி ஒரு குரல். "எழுந்திருடா தடியா! விடிஞ்சி எவ்ளோ நேரம் ஆவுது! மூணு வேளையும் மூக்கு முட்டத் தின்னுட்டு எப்பிடிப் படுத்துக் கெடக்கறான் பாரு! கூறு கெட்டவனே!" நான் துள்ளி எழுந்து, வேட்டியைக் கட்டிக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றேன். கவிதா சிரித்த சிரிப்பில் வளையல்கள் எல்லாம் குலுங்கின. "உங்கள இல்லைங்க. அப்பா மாட்டத் திட்டறாரு. தெனமும் திட்டினாத்தான் ரெண்டு பேருக்கும் பொழுது விடியும்" என்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமா திட்டத் திட்ட அந்த மாடு அவர் தோளில் தலையை வைத்துச் சொகுசாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. என்னிடம் மாமா அப்படிப் பேசியதே கிடையாது. "வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' வைத்துத்தான் பேசுவார்.

பொங்கல் கழிந்தால் எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் எருது விடும் விழா நடக்கும். ஆட்கள் மாட்டின் திமிலைப் பிடித்துத் தொங்குகிற விளையாட்டு இல்லை இது. இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டிய தெருவில் மாட்டை அவிழ்த்து விடுவார்கள். எந்த மாடு சீக்கிரம் ஓடி முடிக்கிறதோ அதற்குப் பரிசு. வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அத்தோடு முடிந்தது. மாட்டுக்காரனுக்கு வேலை ஆரம்பிப்பதே அதற்குப் பிறகுதான். கோடு வந்ததும் பிரேக் போட்டு நிற்க அது டவுன் பஸ் இல்லை. கூச்சலில் மிரண்டு, காடு கழனி எல்லாம் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு மாட்டுக்காரரும் தன் சொந்தபந்தங்களைக் கயிற்றோடு வழி நெடுக நிறுத்தி வைப்பார். முதல் ஆள் கோட்டைவிட்டால் அடுத்த ஆள் மடக்குவார்.

மாமாவுக்கு அதில் ஒரு கூடுதல் பயம். ஊருக்குத் தெற்கே, துவரைக் காடுகளைத் தாண்டினால் ரயில் பாதை. முந்தைய வருஷம் பக்கத்து ஊர் மாடு ஒன்று விழா முடிந்து ஓடி, அந்தப் பாதையில் அடிபட்டுச் செத்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த மாமா இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். அந்தப் பாதையை ஒட்டித் தனியாக ஆள் போட்டால்தான் தாசில்தாரை இறக்குவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

"எதுக்கு மாமா இத்தன ஆளு? மாட்டு மேல ஒரு டேக்க கட்டி விட்ருவோம். அது எங்க போய் நின்னாலும் நான் திசையச் சொல்லிடுவேன். நேரா போயிப் புடிச்சிட்டு வந்துடலாம்."

சதீஷ் சந்தேகமாகப் பார்த்தான். "மச்சான், இது நெசமா வேலைக்கு ஆவுமா?"

"காட்டுல நரியவே புடிக்குது. உங்க வீட்டு மாட்டப் புடிக்காதா?"

மாமா கொஞ்ச நேரம் துண்டின் முனையைத் திருகிக்கொண்டிருந்தார். அவருக்குத் துளியும் விருப்பம் இல்லை என்று இப்போது தெரிகிறது. ஆனால் புது மாப்பிள்ளை முதன்முதலாக ஒன்று சொல்கிறான், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? "மாப்ள சொன்னா சரியா இருக்குங்க" என்று சொல்லிவிட்டார். கயிற்றோடு நிற்க வேண்டியவர்களுக்கெல்லாம் அன்று சாயங்காலமே சொல்லி அனுப்பினோம். யாரும் வர வேண்டாம், மிஷின் இருக்கிறது என்று.

விழா அன்று காலை, முதலாளியிடம் கெஞ்சி வாங்கி வந்த ரிசீவரும் இரண்டு டேக்குகளும் முற்றத்தில் இருந்தன. ஒன்று மாட்டுக்கு, இன்னொன்று கெட்டுப்போனால் மாற்ற. இரண்டுக்கும் ஒரே அலைவரிசை. இரண்டையும் தண்ணீர் படாமல் கறுப்பு டேப் சுற்றி, ஒரே மாதிரிப் பொட்டலமாக ஏற்கெனவே செய்து வைத்திருந்தேன். தெருவே வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஆபரேஷன் செய்யும் டாக்டரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு பொட்டலத்தைக் கொஞ்சம் பிரித்து, காந்தத்தை எடுத்தேன். மறுபடி டேப் சுற்றினேன். அந்த நேரம் பார்த்து அத்தை காபி கொண்டு வந்தார். கையில் இருந்ததைக் கீழே வைத்தேன். காபி குடித்தேன். பிறகு ஒன்றை எடுத்துத் தாசில்தாரின் சலங்கைப் பட்டையில் கட்டினேன், மற்றதை என் தோள்பைக்குள் போட்டேன்.

ரிசீவரைப் போட்டதும் 'பிப்... பிப்...' என்று கணீரென்று கேட்டது. கூட்டம் "ஆகா" என்றது. மாமாவின் முகத்தில் முதன்முறையாக ஒரு நம்பிக்கை தெரிந்தது. வாழ்க்கையில் அதைவிட உயரத்தில் நான் அதற்கு முன்பும் நின்றதில்லை, பின்பும் நின்றதில்லை.

தாசில்தாரை அவிழ்த்துவிட்டபோது நடந்தது எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரு செவலைக் கோடு தெரிந்தது, சலங்கைச் சத்தம் கேட்டது, புழுதி எழுந்தது, அவ்வளவுதான். எல்லையைத் தாண்டி, தெருவைத் தாண்டி, தென்னந்தோப்பைத் தாண்டி மாடு மறைந்துவிட்டது. மற்ற மாட்டுக்காரர்களின் ஆட்கள் ஆங்காங்கே கயிற்றோடு நின்றார்கள். எங்கள் வழியில் ஒருத்தரும் இல்லை. நான், மாமா, சதீஷ், ஒரே ஒரு கயிறு, ஒரு ரிசீவர்.

"எந்தப் பக்கங்க மாப்ள?" என்றார் மாமா.

ஆன்டெனாவை விரித்துத் தெற்கே பிடித்தேன். பிப், பிப், அட்டகாசமாகக் கேட்டது. "தெக்க போயிருக்குது மாமா." சும்மா சரிபார்க்கலாம் என்று வடக்கே திருப்பினேன். அதே அட்டகாசம். கிழக்கே திருப்பினேன். அதே. மேற்கே திருப்பினேன். கொஞ்சம்கூடக் குறையவில்லை.

"என்னா சொல்லுதுங்க?" என்றார் மாமா.

"எல்லாப் பக்கமும் இருக்குதுன்னு சொல்லுது" என்றேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்க்க இன்றைக்கும் கூசுகிறது. சத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன், எல்லாப் பக்கமும் சமமாகக் குறைந்தது. பேட்டரியை மாற்றினேன், எல்லாப் பக்கமும் இன்னும் நன்றாகக் கேட்டது. ஆன்டெனாக் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கினேன். அப்புறம் வரப்பில் துண்டை விரித்து, ரிசீவரைக் குப்புறப் போட்டு, திருகுகளைக் கழற்றித் திறந்தேன். ஒரு திருகு உருண்டு கடலைக்காய்க் கொல்லையில் விழுந்தது. சதீஷ் மண்டியிட்டு அதைத் தேடினான். மாடு தேட வந்த மூன்று பேரில் இரண்டு பேர் இப்போது திருகு தேடிக்கொண்டிருந்தோம்.

மாமா தெற்கே பார்த்தார், ரிசீவரைப் பார்த்தார், மறுபடி தெற்கே பார்த்தார். "மாப்ள, அந்தப் பக்கம் ரயில் ரோடுங்க" என்றார். சின்னக் குரலில்தான் சொன்னார். ஆட்களை வேண்டாம் என்று சொன்னவன் நான். இந்த மாட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நிஜமாகவே பயம் வந்தது. பயத்தில் மூளை நின்றுவிட்டது. கை மட்டும் வேலை செய்துகொண்டே இருந்தது.

"போன் சிக்னல் குறுக்க வருதோ என்னவோ. எல்லாரும் போன ஆஃப் பண்ணுங்க" என்று உத்தரவு போட்டேன். (அப்படியெல்லாம் வராது. வராது என்று எனக்கே தெரியும். ஆனால் ஒன்றும் தெரியாமல் நிற்கிறோம் என்று காட்டிக்கொள்வதைவிட ஒரு உத்தரவு போடுவது கௌரவம்.) மூன்று போன்களும் அணைந்தன.

கடைசியில் ஒயர் வந்து சேரும் கனெக்டரைக் கழற்றி, ஊதி, வேட்டி முனையால் துடைத்து மறுபடி மாட்டினேன். தோள்பை இடைஞ்சலாகவே இருந்தது. அதைப் பார்த்த மாமா, "பைய இப்பிடிக் குடுங்க மாப்ள, நான் கொண்டாறேன். நீங்க மிஷினப் பாருங்க" என்று வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். "நான் தொவரக் காட்டு ஓரமா குளம்படி பாத்துக்கிட்டு முன்னால போறேன். நீங்க ரெண்டு பேரும் வாங்க" என்று வரப்பில் இறங்கி விறுவிறுவென்று நடந்தார்.

அவர் கண் மறைவாகப் போனதும் ரிசீவரைப் போட்டேன். ஆச்சரியம்! தெற்கே பிடித்தால் 'பிப்'. வடக்கே திருப்பினால் சத்தம் செத்துவிடுகிறது. பாடப்புத்தகத்தில் போட்ட படம் மாதிரி அத்தனை சுத்தம்.

"கனெக்டர்தான் மச்சான்! நான் அப்பவே நெனச்சேன்!" என்று சதீஷின் தோளில் ஓங்கி அடித்தேன்.

ஓடினோம். சிக்னல் தெற்கே போனது, நாங்களும் போனோம். வாய்க்கால் பக்கம் திரும்பியது, திரும்பினோம். "மாடு மெதுவாத்தான் போவுது" என்றேன். கொஞ்ச தூரத்தில் சிக்னல் நகராமல் ஒரே இடத்தில் நின்றது. ஆள் உயரத் துவரைச் செடிகள் நடுவில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம். எனக்கு உயிர் திரும்பியது. "நின்னுடுச்சு மச்சான். மேயுது. சத்தம் போடாத, சுத்தி வளைச்சிரலாம்" என்று கிசுகிசுத்தேன்.

சதீஷ் கயிற்றில் சுருக்குப் போட்டுக்கொண்டு பதுங்கிப் பதுங்கிப் போனான். நான் பின்னால், கண்ணை ரிசீவரின் முள்ளை விட்டு எடுக்காமல், கையால் திசை காட்டிக்கொண்டே போனேன். முள் ஏறியது. இன்னும் ஏறியது. எதிரே செடிகளுக்கு அடியில் ஏதோ அசைந்தது. "போடு!" என்றேன். சதீஷ் வீசினான். சுருக்கு விழுந்தது. அந்தப் பக்கம் திமிறியது.

"விடாத மச்சான்! இழு! சிக்னல் ஃபுல்லு! அதுதான்!"

"எவன்டா அவன்!" என்றது சிக்னல்.

துவரைச் செடிகளைப் பிளந்துகொண்டு, தோளைச் சுற்றிக் கயிற்றோடு, தலையெல்லாம் துவரம்பூவோடு மாமா எழுந்து நின்றார். குளம்புத் தடம் பார்க்கக் குனிந்திருக்கிறார். தோளில் என் பை. சதீஷ் கயிற்றை விடவும் முடியாமல், பிடிக்கவும் முடியாமல் என்னைப் பார்த்தான். ரிசீவர் என் கையில் ஆனந்தமாக அலறிக்கொண்டிருந்தது. நான் அதை இடப்பக்கம் நகர்த்தினேன், குறைந்தது. மாமாவுக்கு நேராகக் கொண்டு வந்தேன், கூடியது. மண்டைக்குள் எங்கள் முதலாளியின் குரல் கேட்டது. "டேக் எல்லிதே?"

பையைத் திறந்து பொட்டலத்தைப் பிரித்தேன். காந்தம் இல்லை. காலையில் காந்தத்தை எடுத்தது இதிலிருந்துதான். காந்தம் எடுக்காத மற்றது, தூங்கிக்கொண்டே, தாசில்தாரின் கழுத்தில் போய்க்கொண்டிருக்கிறது. முற்றத்தில் கேட்டதும், வரப்பில் நாலு பக்கமும் கேட்டதும், எல்லாம் என் தோளில் தொங்கிய பைதான்.

தட்டுத்தடுமாறி விளக்கினேன். மாமா கயிற்றைக் கழற்றிக்கொண்டே முழுவதையும் கேட்டார், பெண் பார்த்த அன்று கேட்ட அதே பொறுமையோடு. "அப்ப, இவ்ளோ நேரமா நீங்க தேடிக்கிட்டு வந்தது..." என்று கொஞ்சம் நிறுத்தினார். "என்னையாங்க மாப்ள?"

"ஆமாங்க மாமா."

அவர் தலையிலிருந்து ஒரு துவரம்பூவை எடுத்துக் கீழே போட்டார்.

சதீஷ் அணைத்து வைத்திருந்த போனைப் போட்டான். போட்ட மாத்திரத்தில் அடித்தது. கவிதா. தள்ளி நின்ற எனக்கே அவள் குரல் கேட்டது. "எத்தன தடவ கூப்புடறது! மூணு பேரும் எங்க தொலஞ்சீங்க? மாடு தண்டவாளத்துக்கிட்ட முள்ளுக் காட்டுல பூந்துச்சாம், ஆடு மேய்க்கறவங்க அப்பவே வந்து சொன்னாங்க! ஓடுங்க!"

ஓடினோம். செருப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. பாதையை ஒட்டி நெடுக வேலிகாத்தான் முள். மாடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சலங்கை கேட்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சலங்கை கேட்கவில்லை. தூரத்தில், சாமல்பட்டி பக்கமிருந்து, ரயிலின் ஹாரன்தான் கேட்டது.

மாமா ஹாரன் வந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று எனக்குத் துடிப்பாக இருந்தது. உலகத்தில் எத்தனையோ ஆறுதல் வார்த்தைகள் இருக்கின்றன. நான் தேர்ந்தெடுத்தது இது:

"கவலப்படாதீங்க மாமா. ரிசீவர்ல ஒரு கோளாறும் இல்ல."

மாமாவிடம் அத்தனை நாளாக இருந்த 'ங்க' எல்லாம் அந்த நொடியில் தீர்ந்து போயிற்று.

"அடேய் கூறு கெட்டவனே!" என்று ஆரம்பித்தார். துவரைக் காட்டில் இருந்த குருவிகள் எல்லாம் எழுந்து பறந்தன. "தடியா! மூணு வேளையும் மூக்கு முட்டத் தின்னுட்டு, ஒரு டப்பாவத் தூக்கிக்கிட்டு வந்து, என்னாடா பண்ணி வச்சிருக்கற! ஆளு வேணாம்னு சொன்னியேடா! தண்டத்துக்கு வளந்தவனே! உன்ன நம்பி என் புள்ளைய அவுத்து விட்டனே..."

நான் தலையைக் குனிந்து நின்றேன். கல்யாணத்துக்கு மறுநாள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற அதே விறைப்பு. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

"அப்பா!" என்று சதீஷ் அவர் கையைப் பிடித்தான்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், முள்ளுக்கு மேலே, இரண்டு கொம்புகள் எழுந்தன. பிறகு செவலை முகம். காது இரண்டும் எங்களைப் பார்த்து விறைத்திருந்தன. மாமா திட்டும் குரலைக் கேட்டுத்தான் தாசில்தார் எழுந்திருக்கிறது. 'நம்மைத்தான் கூப்பிடுகிறார்' என்று நினைத்துவிட்டது. சலங்கை குலுங்க, நிதானமாக, கருங்கல் ஜல்லி மேட்டில் எங்களை நோக்கி ஏற ஆரம்பித்தது.

இடப்பக்கம் வளைவில் ரயில் எஞ்சினின் முகம் தெரிந்தது.

மாமா இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடவில்லை. மாடு மேட்டின் பாதியில் நின்றது. குரலைக் காணோமே என்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது. ஒரு காலை எடுத்து வைத்தது. மாமா பொத்திய கைகளுக்கு மேலே அவர் கண்கள் மட்டும் "வேணாம், வேணாம்" என்றன. ஹாரன் காதைப் பிளந்தது. அடுத்த நொடி எங்களுக்கும் மாட்டுக்கும் நடுவில் ரயில். பெட்டிக்குப் பின்னால் பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது, சரக்கு வண்டி, முடிவே இல்லை. நான் குனிந்து சக்கரங்களின் இடைவெளியில் நாலு கால் தெரிகிறதா என்று பார்த்தேன். புழுதியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அதுவரை சாமி கும்பிடாத நான் அன்றைக்கு எத்தனை சாமிக்கு என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே கணக்கு இல்லை. (பிறகு கவிதாதான் என்னை ஒவ்வொரு கோயிலாக இழுத்துக்கொண்டு போய்த் தீர்த்து வைத்தாள்.)

கடைசிப் பெட்டி போனது. புழுதி அடங்கியது.

தாசில்தார் மேட்டுக்குக் கீழே, முள்ளுக் காட்டு ஓரமாகப் பின்வாங்கி நின்றுகொண்டிருந்தது. மிரண்டு போயிருந்தது. உடம்பு முழுக்க நடுங்கியது. நாங்கள் கிட்டே போனால் இன்னும் அந்தப் பக்கம் ஓடிவிடும் என்று தெரிந்தது. மாமா இரண்டு பக்கமும் பாதையைப் பார்த்தார். ரயில் எதுவும் இல்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பினார்.

"எங்கடா வுட்டேன்?" என்றார்.

"தண்டத்துக்கு வளந்தவனே..." என்று எடுத்துக் கொடுத்தேன்.

"ஆங். தண்டத்துக்கு வளந்தவனே! மூளைய எங்கடா அடமானம் வச்ச!" என்று விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். குரல் உடைந்து உடைந்து வந்தது, கண்ணில் தண்ணீர் ஓடியது, ஆனால் திட்டு நிற்கவில்லை. என் படிப்பு, என் கம்பெனி, என் டப்பா, நான் காலையில் எழுந்திருக்கும் நேரம், எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு வசவுக்கும் தாசில்தார் ஒரு அடி எடுத்து வைத்தது. ஜல்லியில் ஏறி, தண்டவாளத்தைத் தாண்டி, இறங்கி, என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டு நேராக அவரிடம் போய், அவர் தோளில் தலையை வைத்துத் தேய்த்தது. மாமா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். சதீஷ் கயிற்றைப் போட்டான். மாட்டின் சலங்கைப் பட்டையில் என் டேக் பத்திரமாக இருந்தது, காந்தத்தோடு.

வீடு திரும்பும் வழியில் மாமாவுக்கு 'ங்க' மெதுவாகத் திரும்பி வந்தது. "மாப்ள, ஏதோ வாய்க்கு வந்தத பேசிட்டங்க. மனசுல வச்சிக்காதீங்க" என்றார். "நீங்க பேசினதாலதான் மாமா மாடு வந்துச்சு" என்றேன். அவர் நின்று யோசித்தார். "அதுவும் சரிதாங்க" என்றார்.

நடந்ததைச் சதீஷ் ஊருக்கே சொன்னான், நடித்தும் காட்டினான். ஓசூருக்குத் திரும்பியதும் நானே முதலாளியிடம் சொல்லித் தொலைத்தேன். அதிலிருந்து எங்கள் கம்பெனியில் பரிசோதனை டேக்குக்குப் பெயர் 'மாமா'. ரிசீவர் எல்லாப் பக்கமும் அலறுகிறது என்று யாராவது போன் செய்தால், "மொதல்ல மாமா எங்க இருக்காருன்னு பாருங்க சார்" என்றுதான் பையன்கள் சொல்கிறார்கள்.

இப்போதும் வருஷா வருஷம் தாசில்தார் ஓடுகிறது. கயிற்றோடு ஆட்கள் வழி நெடுக நிற்கிறார்கள். ஆனால் அந்த வரிசையின் கடைசியில், ரயில் பாதைக்கு வெகு தூரம் முன்னாலேயே, கையில் கயிறு இல்லாமல் ஒருத்தன் நிற்பான். அது நான்தான். கம்பெனியில் லீவு கிடைக்காது என்று ஒரு வருஷம் சொல்லிப் பார்த்தேன். "நீ வராம எப்பிடி மச்சான் மாட்ட அவுக்கறது?" என்று சதீஷ் உண்மையான கவலையோடு கேட்டான். மாடு எல்லாரையும் ஏமாற்றிவிட்டு அந்தப் பக்கம் வந்து மறைந்துவிட்டால், மாமா மூச்சிரைக்க என்னிடம் வருவார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்தி, ரொம்பவும் சங்கடத்தோடு கேட்பார்.

"மாப்ள... ஆரம்பிக்கலாங்களா?"

"ஆரம்பிங்க மாமா."